கட்டம் போட்ட சட்டைக்காரன்

தம்பி, தம்பி, அந்தக் கவரு மேல சாயாதிய, மடங்கிரும். இங்க குடுங்க, நான் மடியிலயே வச்சுக்கிடுதேன். மேல கம்பியில வைங்கன்னு கண்டக்டர் சொல்லத்தான் செஞ்சான். அவனுக்கென்ன? கயத்தாறு தாண்டுததுக்குள்ள எவனாவது ஒரு மூட்டையத் தூக்கி அது மேல போட்டுருவான். கேட்டா "நான் என்ன சார் செய்ய?"ம்பான். எனக்குத் தெரியாதா கண்டக்டர் சங்கதி?

நீங்களும் மதுரைக்குத்தானா? ஆமா, டிக்கெட்டப் பாத்தேன், சட்டைப் பையில எட்டிப் பாக்கு. தப்பா நினைக்காதிய, கண்ணு தானா அங்க போயிருது. ஆவுடையப்பன்னு பேரு. செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நட்ட நடு ரோட்டுல பஸ்ஸ மறிச்சு ஏறி, டிக்கெட் இருக்கான்னு பாப்போம்லா, அந்த வேலை. முப்பது வருசமா மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன், யாரு எடுத்திருக்கான், யாரு எடுக்கலன்னு. எடுக்காதவன் சும்மா இருக்க மாட்டான். சில பேரு தூங்குத மாதிரி நடிப்பான். ரொம்பக் கெட்டிக்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான். அவனத்தான் முதல்ல பிடிப்பேன். ரெண்டு சீட்டு முன்னால நீலத்துண்டு போட்டுட்டு ஒருத்தர் இருக்காருல்லா, அவர் சரியில்ல. சரி, நமக்கென்ன இனிமே.

கவருக்குள்ள என்னன்னு கேக்கணும்னு இருக்கு உங்களுக்கு, ஆனா கேக்க மாட்டிய. நானே சொல்லிருதேன். படம். சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் வருதுல்லா, பக்கம் பூரா படமும் அடியில ஒரு வரி எழுத்துமா? அது. போட்டது என் வீட்டுக்காரி, செண்பகவல்லி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுல எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை இருந்தா அதுகிட்டக் கேளுங்க. அதுக்குத் தெரியும்.

அவ பால்வாடி டீச்சரா இருந்தவ. சுவரு சும்மாத்தானே கிடக்குன்னு ஆடு, கோழி, பஸ்ஸுன்னு கரியிலயும் காவியிலயும் வரைஞ்சு வச்சிருந்தா. மதுரையில ஸ்டெல்லான்னு ஒரு அம்மா பதிப்பகம் நடத்துது. அது என்னவோ வேலையா அந்தப் பக்கம் வந்து சுவரப் பாத்திருக்கு. பாத்துட்டு அங்கனயே தரையில உக்காந்துட்டாம். பொறவு ஒரு கதைய அனுப்பி, இதுக்குப் படம் போட்டுத் தாங்கன்னு கேட்டுச்சு. அப்படிப் பிடிச்சதுதான். அவ பொம்மை போடுதான்னு நான் சொல்லுவேன். அவளுக்கு அந்தச் சொல்லு பிடிக்காது. "பொம்மை இல்ல, கதைல பாதி"ம்பா. ஆமா, பெரிய பாதி.

சிரிக்காதிய, நான் சொல்லுததக் கேளுங்க. ஒரு புத்தகத்துல மொத்தம் இருக்கிற எழுத்த ஒரு பஸ் டிக்கெட்டுப் பின்னால எழுதிரலாம். "ஆடு ஓடியது. அப்பா தேடினார்." இதுக்கு இவ ஆறு மாசம் எடுத்துக்கிடுவா! முதல்ல தாளைக் கிழிச்சு மடிச்சு, உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டிப் புத்தகம் தைப்பா. அதுல பென்சிலால கிறுக்கி, எந்தப் பக்கத்துல ஆடு, எந்தப் பக்கத்துல அப்பான்னு திருப்பித் திருப்பிப் பாப்பா. நடுவுல தையல் விழுத இடத்துல மூஞ்சி வந்துரக் கூடாதாம், பைண்டிங்கு முழுங்கிருமாம். அதுக்கே ஒரு வாரம் தலையப் பிடிச்சுட்டு இருப்பா. இன்னொண்ணு, கண்ணால பாக்காத எதையும் வரைய மாட்டா. ஆடு வேணும்னா ஆட்டுக்கிட்டப் போவா. அம்மி வேணும்னா அம்மி இருக்கிற வீடு தேடிப் போயி உக்காந்துருவா. இத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. கேஸே இதுலதான் இருக்கு.

வேலையில இருந்த வரைக்கும் அவ புத்தகம் ஒண்ணையும் நான் தொறந்ததில்ல. நேரம் எங்க? டூட்டி முடிஞ்சு வந்தா பேப்பரு, சாப்பாடு, தூக்கம். ரிட்டயர்டு ஆன பொறவு பேப்பரு பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சு போவுது. பகல் பூரா என்ன செய்ய? ஒரு நாள் அவ அலமாரியில இருந்ததையெல்லாம் எடுத்து, வரிசையா ஒவ்வொண்ணாப் பாத்தேன்.

பாத்தா, ஒருத்தன் நிக்கான்.

கட்டம் போட்ட சட்டை. ஒல்லியா ஒரு ஆளு. முதல் புத்தகத்துல ஒரு பிள்ளைக்குச் செருப்பு வாரு மாட்டி விடுதான், குத்த வச்சு உக்காந்துகிட்டு. அடுத்த புத்தகம் வேற கதை, வேற ஊரு, எழுதுன ஆளும் வேற. அதுலயும் இவன் நிக்கான், கிழவி கூடைய இறக்கி விட்டுகிட்டு. அதுக்கடுத்ததுல பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துல, தோள்ல ஒரு பிள்ளைய ஏத்திக்கிட்டு, பல்லு தெரியச் சிரிக்கான். கதையில அவன் பேரே கிடையாது தம்பி! எழுத்துல ஒரு வரி இல்ல. ஆனா புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு மூலையில ஏறிருதான். டிக்கெட் எடுக்காத பயணின்னா இவன்தான்.

கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டுத் திருப்பியும் பாத்தேன். பாக்காத எதையும் அவ வரைய மாட்டான்னு சொன்னேன்லா? அப்ப இவனப் பாத்திருக்கா. ஒரு தடவையில்ல, நிறையப் பாத்திருக்கா. அந்தக் காது, அந்த நெத்திச் சுருக்கம், இடது கை சட்டைய மட்டும் முழங்கைக்கு மேல மடிச்சு விட்டிருக்கிற தினுசு. சும்மா போற வாற ஆள இப்படி வரைய முடியாது. பிரியமாப் பாத்திருந்தாத்தான் முடியும்.

சரி, நான் எங்கன இருக்கேன்னு தேடுனேன். தேடுவோம்லா? தாலி கட்டுனவன் நானு. ஒரு புத்தகத்துல கூட இல்ல தம்பி. ஒரு ஓரத்துல, ஒரு கூட்டத்துல, ம்ஹூம். வீடு வரைஞ்ச பக்கத்துல எல்லாம் ஒரு நாற்காலி போட்டு ஒருத்தன உக்கார வச்சிருக்கா. மூஞ்சி தெரியாது. விரிச்ச பேப்பரும், அதுக்குக் கீழ ரெண்டு காலும், அவ்வளவுதான். எல்லாப் புத்தகத்துலயும் அதே பேப்பரு, அதே காலு. ஒரு பூனை அந்தக் கால்ல உரசுது, அவன் குனிஞ்சு பாக்கல. பிள்ளை பட்டம் விடுது, அவன் பாக்கல. ஒரு புத்தகத்துல கூரை ஒழுகி அவன் தலைக்கு மேல சொட்டுது, அப்பவும் பேப்பர இறக்கல. மூஞ்சி வரையச் சோம்பேறித்தனம் வந்தா இப்படி ஒரு ஆள உக்கார வச்சிருதா போல. எவன் அவன்னு நான் கண்டுக்கிடல. எனக்கு வேண்டியது சட்டைக்காரன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கிய? ஒண்ணும் இல்லையா? சரி.

பொறவு நான் டூட்டியில இறங்கிட்டேன். அவ படம் போடப் பையத் தூக்கிட்டுக் கிளம்பினா, கொஞ்சம் விட்டு நானும் கிளம்பிருவேன். ஒரு தடவ மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்குப் போறா. நான் எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல, தூணு மறைவுல. வருவான், இன்னைக்கு வந்துருவான்னு பாக்கேன், பாக்கேன். காலையிலேர்ந்து உச்சி வரைக்கும் ஒரு வெள்ளாட்டு முன்னால குத்த வச்சுட்டு ஆட்டையே பாக்கா தம்பி. ஆடு இவளைப் பாக்கு. ஒரு பயலும் வரல. கடைசில டீக்கடைக்காரன் எனக்கு ஒரு டீயும் வடையும் கொண்டாந்து வைக்கான். "நான் கேக்கலையே வே"ன்னேன். "அந்தா படம் வரையுதாவல்லா, அந்த அம்மா குடுக்கச் சொன்னாவ. வெயிலு ஏறிட்டுது, குடிச்சுட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாவ"ங்கான்! அவ என்னைய எப்பப் பாத்தான்னே தெரியல. இப்படி ஒரு கண்ணு இருக்கிறவ எத்தன விவரமா இருப்பா, யோசிச்சுப் பாருங்க.

ஸ்டெல்லா ஒரு தடவ வீட்டுக்கு வந்துச்சு. அதுகிட்டப் பேச்சோட பேச்சா, "இந்தக் கட்டம் போட்ட சட்ட யாரும்மா, உங்க ஆபீஸ் ஆளா?"ன்னு கேட்டேன். அது செண்பகத்தப் பாத்துச்சு. செண்பகம் அதப் பாத்தா. ரெண்டு பேரும் காப்பி டம்ளரப் பாத்துட்டாளுவ. "பிள்ளைங்க எல்லாரும் அவர எங்க ஒளிஞ்சிருக்காருன்னு தேடித் தேடிக் கண்டுபிடிப்பாங்க சார். அதுக்காகவே ரெண்டாவது தடவ படிப்பாங்க"ன்னு அது பேச்ச மாத்துது. பிள்ளைங்க தேடட்டும், நான் வேற காரணத்துக்குத் தேடுதேன். கூட்டுக்களவாணிங்கன்னு அப்பவே குறிச்சுக்கிட்டேன்.

இதுக்கு மேல தாங்காதுன்னு நேராக் கேட்டுட்டேன். அவ சாயம் தொட்டுட்டு இருக்கா. புத்தகத்த விரிச்சு அவன் மூஞ்சி மேல விரல வச்சேன். "ஏட்டி, இவன் யாரு?"

முதல்ல சிரிச்சா. என் மூஞ்சியப் பாத்துட்டுச் சிரிப்ப நிறுத்திட்டா. "நெசமாவே தெரியலையா?"ன்னா.

"தெரிஞ்சா ஏன் கேக்கேன்?"

"ஊரு மூஞ்சியெல்லாம் பாத்தவியதான. நீங்களே கண்டுபிடிங்க."

"ஆளு இருக்கானா, போயிட்டானா? அதச் சொல்லு."

அவ பிரஷ்ஷத் தண்ணியில போட்டு அலசிக்கிட்டே இருந்தா. "அதத்தாங்க நானும் இத்தன வருசமாப் பாத்துட்டு இருக்கேன்"னா.

என்ன பதில் இது? இருக்கான்னு சொல்லணும், இல்ல செத்துட்டான்னு சொல்லணும். நான் எத்தன பேர விசாரிச்சிருக்கேன்! இந்த மாதிரி வழுக்குத பதிலச் சொல்லுதவன் கையில கண்டிப்பா டிக்கெட் இருக்காது. அன்னையிலேர்ந்து நாங்க பேச்சக் குறைச்சுட்டோம். சோறு வைப்பா, திம்பேன். அவ்வளவுதான்.

பொறவு ஞானதுரைகிட்டப் போனேன். பழைய டிரைவரு. நான் இன்ஸ்பெக்டர் ஆகுததுக்கு முன்னால பாபநாசம் ரூட்டுல கண்டக்டரா இருந்தேன்லா, அப்ப அவரு வண்டிதான். அந்த ரூட்டுல எல்லாரையும் தெரியும் அவருக்கு. செண்பகமும் அந்த ரூட்டுலதான் பால்வாடிக்குப் போய் வந்துட்டு இருந்தா. அதனால பழைய ஆளு எவனாவதா இருக்கும்னு சந்தேகம். புத்தகத்தக் கொண்டுபோயி, "இவன அடையாளம் தெரியுதா பாரும்"னேன்.

ஞானதுரை கண்ணாடியப் போட்டாரு. பாத்தாரு. சிரிக்கப் பிடிச்சவரு, இருமல் வந்து, பொண்டாட்டி தண்ணி கொண்டு வந்து குடுத்த பொறவும் நிறுத்தல. "வே கோட்டிக்காரா, இது நீருதாம்வே!"

"உமக்குக் கண்ணு போயிட்டுது"ன்னேன்.

"என் கண்ணு இருக்கட்டும். இடது சட்டைய மட்டும் மடிச்சு விடுதது யாரு? டிக்கெட் பை வாரு அந்தப் பக்கம் வேர்த்து அறுக்குன்னு நீருதான மடிப்பேரு? பள்ளிக்கூடத்துப் பிள்ளையளப் படியிலேர்ந்து தூக்கி இறக்கி விடுதது யாரு? நேரமாவுதுன்னு நான் ஹாரன் அடிப்பேன், நீரு அந்தாக்குல ஒரு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிட்டு நிப்பேரு. அந்தக் கட்டம் போட்ட சட்ட உம்ம தலைதீபாவளிச் சட்டைவே. காக்கி காயலன்னு அதப் போட்டுட்டு வந்து டிப்போவுல ஏச்சு வாங்கினேருல்லா?"

இருக்கும். ஏச்சு வாங்குனது ஞாபகம் இருக்கு. சட்டை ஞாபகம் இல்ல. ஆனா அந்த மூஞ்சி என் மூஞ்சி இல்ல தம்பி. நான் கண்ணாடியில பாக்காத மூஞ்சியா? நான் அப்படிச் சிரிச்சதே கிடையாது. செக்கிங் இன்ஸ்பெக்டர் சிரிச்சா எவன் மதிப்பான்? வாய மூடி மூடி இந்தா, இந்த ரெண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கு பாருங்க. படத்துல இருக்கிறவனுக்கு இந்தக் கோடு எங்க? கேட்டேன் ஞானதுரைகிட்ட. அவரு சிரிக்கல. "அப்ப விழலவே"ன்னாரு. இவருக்கும் அவ டீயும் வடையும் வாங்கிக் குடுத்திருப்பாளோன்னு எனக்குத் தோணிச்சு.

அவகிட்டப் போயி, "ஞானதுரை இப்படிச் சொல்லுதாரு, நெசமா?"ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்னு சொல்லுதியளா? எப்படிக் கேக்க? அவ இல்லன்னு சொல்லிட்டான்னா?

ஆடி மாசம் அவ மதுரைக்குப் போறேன்னா. புதுப் புத்தகம், அச்சு வேலை முடியுத வரைக்கும் ஸ்டெல்லா வீட்டு மாடியில தங்குதேன்னா. எப்பவும் போறதுதான், நாலஞ்சு நாள்ல வந்துருவா. இந்தத் தடவ ஒரு வண்டியக் கூப்பிட்டு, படம் போடுத மேசையையும் ஏத்திட்டா. அச்சு வேலைக்கு மேசை எதுக்கு தம்பி? நான் வாசல்ல நின்னு பாத்தேன். கேக்கல. அவளும் சொல்லல. ஆடி போச்சு, ஆவணி போச்சு, இப்ப ஐப்பசி மழையே ஆரம்பிச்சுட்டுது. போன்ல கேட்டா, "முடியல, இன்னும் கொஞ்சம் இருக்கு"ங்கா. என்ன முடியலன்னு சொல்ல மாட்டேங்கா. மேசை இருந்த இடத்துல தரையில சாயத்துளி மட்டும் கிடக்கு. நான் பேப்பர அந்த அறையில உக்காந்து படிக்கதில்ல இப்ப.

முந்தாநாத்து இந்தக் கவரு வந்துச்சு. அச்சு ஓடுததுக்கு முன்னால, இப்படித்தான் வரப்போவுதுன்னு ஒரு தடவ அடிச்சுப் பாப்பாவளாம். படம் போட்டவ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மிஷின் ஓடும். அத மதுரையில இருக்கிறவளுக்குக் குடுக்காம நம்ம வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருக்கு அச்சாபீஸு. தவறிப்போச்சு, அவசரம், எப்படியாவது குடுத்து விடுங்கன்னு ஸ்டெல்லா போன்ல சொல்லுது. தவறிப்போச்சாம்! நான் நம்பல. அவதான் இங்க அனுப்பச் சொல்லியிருப்பா. நான் பிரிப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

பிரிச்சேன்.

ஒரு பொம்பளப் பிள்ளை சைக்கிள் பழகுது. அதான் கதை. தெருவு, கடை, தேரடி, பக்கத்துக்குப் பக்கம் ஆளு, கூட்டம். நான் கண்ணாடியப் போட்டுட்டு, முன் படியிலேர்ந்து பின் படி வரைக்கும் பஸ்ஸுல பாக்குத மாதிரி ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துட்டு வாரேன். இவன் இல்ல, இவன் இல்ல, இவன் இல்ல. பிள்ளை சாஞ்சு விழப்போவுது, பின்னால சீட்டப் பிடிச்சுட்டு ஒருத்தன் ஓடணும்லா? அவனுக்குன்னே செஞ்ச இடம் தம்பி அது! அங்கன ஆளே இல்ல. அந்தப் பிள்ளையோட அம்மா சேலையத் தூக்கிச் சொருகிட்டுத் தனியா ஓடுதா.

கட்டம் போட்ட சட்டையே இல்ல. திருப்பி முதல்லேர்ந்து பாத்தேன். பேப்பர விரிச்சுட்டு இருப்பானே, அவனும் இல்ல. நாற்காலி இருக்கு. அதுல பூனை படுத்துத் தூங்குது.

ஜெயிச்சுட்டோம்னுதான் முதல்ல நினைச்சேன். பாத்தியா, மாட்டிக்கிட்டோம்னு பயந்து அவ ஆள இறக்கி விட்டுட்டான்னு. எந்திரிச்சுப் போயி டீ போட்டேன். டீ ஆறிப் போச்சு. ராத்திரி சோறு இறங்கல. அவன் யாரோ எவனோன்னா, போனா நல்லதுதான? எனக்கு ஏன் தம்பி நெஞ்சு இப்படி அடிக்கணும்? அந்தக் கிறுக்கன் ஞானதுரை சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருது. அவரு சொன்னது பொய்யின்னா, எவனோ ஒருத்தன் போயிட்டான், சனியன் விட்டுது. அவரு சொன்னது நெசம்னா...

எனக்குப் பயமா இருக்கு. சொல்லுததுக்கென்ன, நீங்க யாரோ, நான் யாரோ.

இந்தாங்க, நீங்களே பாருங்க. ஓரத்தப் பிடிச்சுத் திருப்புங்க, விரல் ரேகை பட்டுரக் கூடாது. உங்களுக்கு இளங்கண்ணு. அந்தத் தேரடிப் பக்கத்துல நல்லாப் பாருங்க. பலூன்காரனுக்குப் பின்னால? அது பொம்பளையா? சரி, அந்த டீக்கடையில? இல்லையா? மறுபடி பாருங்க. இல்ல, இருந்தாச் சொல்லிருவிய. இருந்தாச் சொல்ல மாட்டியளா என்ன.

மாட்டுத்தாவணி வந்துட்டுது போல. இங்க குடுங்க, உள்ள வைக்கேன்.

இத அவ பாத்துச் சரின்னுட்டா நாளைக்கு மிஷின் ஓடிரும். அதுக்கு முன்னால மாடி ஏறிப் போயிருவேன். போயி, "அவன் யாருட்டி?"ன்னு இனிமே கேக்கப் போறதில்ல. செண்பகம், அந்த ஆள எடுக்காத. யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும், நான் கேக்க மாட்டேன், நீ திரும்பப் போட்டுரு. பெருசா வேண்டாம், கூட்டத்துல ஒரு மூஞ்சி போதும். இப்படிக் கேட்டாச் செய்வாளா தம்பி? நீங்க சொல்லுங்க. கெஞ்சுத மாதிரி இருக்கும்தான். இருக்கட்டும்.